ஆங்கிலேயன் புதைத்த வினைச்சொல்

'ஸ்விங்க்' என்றொரு சொல் ஆங்கிலத்தில் இருந்தது. இன்று இலண்டன் மாநகரின் தெருவிலே நின்று இச்சொல்லை உரக்கச் சொன்னாலும் கேட்பவர் விழிப்பரேயன்றி விளங்கிக்கொள்ளார். பெரிய அகராதிகளைப் புரட்டினால் ஒரு மூலையிலே கிடக்கும். 'வழக்கொழிந்தது' என்ற முத்திரை அதன் நெற்றியிலே குத்தப்பட்டிருக்கும். பொருள் யாதெனின், உழைத்தல். நாற்காலியில் அமர்ந்து கையெழுத்திடும் உழைப்பன்று. முதுகு வளைய, மூச்சு வாங்க, வியர்வை நிலத்திலே சொட்ட, உடலை முறித்துச் செய்யும் உழைப்பு.

உழைப்பைக் குறிக்கும் சொல் சாகுமோ? 'உடன்கட்டை' என்ற சொல் மறைந்தால் மகிழலாம். கொடுமை மறைந்தது, அதன் பெயரும் உடன் மறைந்தது என்று சொல்லலாம். உழைப்பு மறையவில்லையே! பகலில் நடக்கிறது, இரவில் நடக்கிறது, பண்டிகை நாளிலும் நடக்கிறது. பின் சொல் மட்டும் சாவானேன்?

இந்த ஒரு வினைச்சொல்லுக்காகப் பல மாலைகளை நூலகத்திலே செலவிட்டோம். "வேறு வேலை இல்லையா உமக்கு?" என்று நண்பரொருவர் கேட்டார். வேலை என்ற சொல்லின் கதையைத்தான் தேடுகிறோம் என்றோம். தேடல், ஆங்கில நாட்டுக் கோட்டைகளின் வழியாகச் சென்று, நம் செங்கற்பட்டுச் சீமையின் ஒரகடம் சாலையிலே கொண்டுவந்து விட்டது. சென்ற வழியே வாசகரையும் அழைத்துச் செல்கிறோம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன், ஆங்கிலம் இன்றைய ஆங்கிலமாக ஆகாத காலத்திலே, இச்சொல் 'ஸ்விங்கன்' என்று வழங்கியது. உழை என்பதும் அதன் பொருள். துன்புறு என்பதும் அதன் பொருள். இரண்டையும் வேறு பிரித்துச் சொல்லவேண்டும் என்று அந்நாளைய உழவனுக்குத் தோன்றவில்லை போலும். உழைத்தவன் துன்புற்றான்; துன்புற்றவன் உழைத்தவனாகவே இருந்தான். ஒரு சொல் போதுமானதாயிற்று.

அச்சொல்லுக்கு ஓர் உடன்பிறப்பும் இருந்தது. 'ஸ்வென்கன்' என்பது அதன் பெயர். தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது சட்டென்று விளங்கும். திருந்து, திருத்து என்கிறோம். வருந்து, வருத்து என்கிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. அதுபோலவே ஸ்விங்கன் என்றால் உழைத்து வருந்துவது. ஸ்வென்கன் என்றால் வேலை வாங்கி வருத்துவது. தன்வினையைச் சொல்ல ஓர் ஆள் போதும். பிறவினைக்கு இருவர் வேண்டும்: வருந்துபவன் ஒருவன், வருத்துபவன் ஒருவன். எந்த மொழி பிறவினையை வைத்திருக்கிறதோ அந்த மொழியிலே 'வருத்தியவன் யார்?' என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

பீட்டர்பரோ என்ற ஊரின் மடத்திலே எழுதப்பட்ட ஆண்டுக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அதிலே 1137 என்ற ஆண்டின் கீழ், ஸ்டீபன் மன்னன் காலத்துக் கொடுமைகளை ஒரு துறவி எழுதி வைத்திருக்கிறார். பிரபுக்கள் ஆளுக்கொரு கோட்டை எழுப்பிக்கொண்டனர். எழுப்பியது அவர்கள் கையா? நாட்டின் ஏழை மக்களைப் பிடித்து, கோட்டை வேலை வாங்கி வருத்தினர் என்று துறவி எழுதுகிறார். 'வருத்தினர்' என்பதற்கு அவர் எடுத்தாண்ட வினை இந்த ஸ்வென்கன்தான். வருந்தியவர் இன்னார், வருத்தியவர் இன்னார் என்று ஒரே வரியில் இருவரையும் நிறுத்திவிட்டார். மடத்தில் அமர்ந்து எழுதிய கைதான். ஆயினும் எழுதியது நேர்மையான எழுத்து என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பின்னர் நடந்தது வேறு. 1066இல் நார்மண்டியிலிருந்து வந்து நாட்டைப் பிடித்தவர்களின் மொழி பிரெஞ்சு. அரசவையில் பிரெஞ்சு, வழக்கு மன்றத்தில் பிரெஞ்சு, ஆவணத்தில் இலத்தீன். வயலில் மட்டும் ஆங்கிலம்! 1348இல் கொள்ளைநோய் புகுந்து மக்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆள் குறைந்தது, எஞ்சியவன் கூடுதல் கூலி கேட்டான். கேட்கலாமா அவன்? 1349இல் ஆணை பிறந்தது, 1351இல் சட்டமே பிறந்தது: கொள்ளைநோய்க்கு முன், 1346 அளவில், என்ன கூலியோ அதற்கு மேல் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அந்தச் சட்டத்திலே உழைப்பவனின் பெயர் 'லேபரர்'. இலத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த சொல். ஊரார் வாயிலே அவன் 'ஸ்விங்கர்'. அவனைக் கட்டிய கயிற்றிலே அவன் 'லேபரர்'. எந்தப் பெயரால் தண்டிக்கிறார்களோ அந்தப் பெயர் நிலைத்தது.

அதே நூற்றாண்டின் இறுதியிலே சாசர் என்ற புலவர் 'கான்டர்பரிக் கதைகள்' பாடினார். அதன் முன்னுரையிலே ஒரு துறவி வருகிறார். கொழுத்த குதிரை, வேட்டை நாய்கள், விலையுயர்ந்த மென்மயிர் வைத்துத் தைத்த சட்டைக் கை. துறவியர் தம் கையால் உழைக்கவேண்டும் என்பது அகஸ்தீன் வகுத்த நெறி. நம் துறவிக்கோ அது பிடிக்கவில்லை. அகஸ்தீனின் உழைப்பை அகஸ்தீனே வைத்துக்கொள்ளட்டும் என்ற போக்கு! அந்த இடத்திலே சாசர் இடும் சொல் ஸ்விங்க். அதே முன்னுரையில் ஓர் உழவனும் வருகிறான். எரு வண்டி ஓட்டியவன், ஏழை அயலானுக்குக் கூலி வாங்காமல் கதிரடித்தவன். அவனை மெய்யான உழைப்பாளி என்று புலவர் போற்றும்போதும் அதே சொல். துறவி தள்ளிய சொல்லை உழவன் தலையில் முடியாகச் சூட்டியிருக்கிறார். நம் நாட்டு மடாதிபதிகள் யாரும் இந்தப் பகுதியைப் படித்திருக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இங்கே ஒரு சிறு விலகல். 1381இல் ஆங்கில நாட்டு உழவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கட்காகப் பேசித் தூக்குமேடை ஏறிய பாதிரி ஜான் பால், தன் பேச்சுக்குத் தலைப்பாக வைத்த அடியிலே 'டெல்வ்' என்ற வினை இருந்தது. மண்வெட்டியால் நிலத்தைத் தோண்டுவது என்பது பொருள். இன்று அந்த வினை தோண்டுவது நிலத்தையன்று, நூல்களையும் ஆவணங்களையும். மண்வெட்டி பிடித்தவன் கையிலிருந்து பேராசிரியர் கைக்குப் போய்விட்டது. சாகவில்லை, வேலையை மாற்றிக்கொண்டது. ஸ்விங்குக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை.

1634 செப்டம்பர் 29. லட்லோ கோட்டையிலே ஒரு பிரபுவின் முன்னால் ஒரு நாடகம் நடிக்கப்பட்டது. எழுதியவர் மில்டன், நாடகம் 'கோமஸ்'. அதிலே வேலி கட்டும் கூலியாள் ஒருவன் உழைத்துக் களைத்து இரவு உணவுக்கு உட்காருகிறான். 'களைத்துப்போன' என்பதற்கு மில்டன் போட்ட அடைமொழி ஸ்விங்கிலிருந்து வந்தது. அப்போதே அது பழஞ்சொல். பழமையின் மணத்துக்காக எடுத்துச் செருகப்பட்டது. எண்ணிப் பாருங்கள்: கோட்டை கட்டிய ஏழையின் துன்பத்தைச் சொன்ன சொற்குடும்பம், ஐந்நூறு ஆண்டு கழித்து, கோட்டைக்குள்ளே விருந்தினர் கேட்டு மகிழும் அணியாக முடிந்தது! வினையாகப் பிறந்தது, அடைமொழியாகிச் செத்தது. உடன்பிறப்பான பிறவினை அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த இடத்தைப் பிடித்த 'டாயில்' என்ற சொல்லும் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்ததே. முதலில் வழக்காடு, மல்லாடு என்ற பொருளில் வந்து, பிறகு உழைப்பாயிற்று. 'டிராவெய்ல்' என்ற சொல் மூன்று கழிகளால் ஆன வதைக் கருவியின் பெயரிலிருந்து வந்தது என்பர். அதன் இன்னொரு வடிவமே இன்று பயணத்தைக் குறிக்கும் 'டிராவல்'. இவற்றிலே நின்றுகொண்டிருந்தால் ஊர் போய்ச் சேரமாட்டோம்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுக் கதை, நமக்கென்ன?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நம் வீட்டிலே பார்ப்போம்.

வள்ளுவரின் 619ஆம் குறளிலே 'வருத்தம்' என்ற சொல் வருகிறது. பக்கத்திலேயே 'கூலி' என்ற சொல்லும் நிற்கிறது. அங்கே வருத்தம் என்றால் உடலின் உழைப்பு. உழவு அதிகாரத்தின் முதற்குறளிலே 'உழந்து' என்று வருகிறதே, அதற்குத் துன்புற்று என்பது பொருள். உழு, உழை, உழல் என்று பக்கத்துப் பக்கத்து வீட்டிலே குடியிருக்கின்றன இச்சொற்கள். ஸ்விங்கனிலே இருந்த அதே கலப்பு: உழைப்பும் துன்பமும் ஒரே உடம்பிலே. நம் 'உழை' சாகவில்லை. ஆனால் வருத்தம்? அது உடலிலிருந்து கிளம்பி உள்ளத்துக்குப் போயிற்று, துயரமாயிற்று. உள்ளத்திலிருந்தும் கிளம்பி அறிக்கைக்குப் போயிற்று. இன்று அதைப் பெரும்பாலும் யார் 'தெரிவிக்கிறார்கள்'? நிர்வாகங்கள்!

2021 டிசம்பரிலே சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி செய்யும் பெண்கள், தங்கியிருந்த விடுதி உணவு நஞ்சாகி நோயுற்றனர். 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் சாலைக்கு வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. நாம் அதைக் குறை கூறவில்லை. தெரிவிக்காமலே போவோரும் உண்டு. குறளின் காலத்தில் வருத்தம் யாருடையதாக இருந்தது, இன்று யாருடையதாக ஆகியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

திருப்பெரும்புதூர், பலகையிலே ஸ்ரீபெரும்புதூர். இராமானுசர் பிறந்த ஊர் என்று திருத்தலப் பயணிகள் வந்த ஊர். இன்று ஆலைச் சங்கு கேட்டு ஓடுவோரின் ஊர். பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உருளத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். ஏரிப் பாசனத்திலே நெல் விளைந்த சீமை இது. வயலிலே அன்று நின்றவனுக்குப் 'படியாள்' என்று பெயர். படி கணக்கிலே நெல் அளந்து கொடுத்து, கடனால் கட்டிப்போட்டு, பெரும்பாலும் சேரியிலே பிறந்தவனையே வைத்து வேலை வாங்கினர். படியாள் போனான், நன்று! படி மட்டும் போகவில்லை. பஞ்சப்படி, பயணப்படி என்று சம்பளச் சீட்டிலே இன்னும் அளந்துகொண்டிருக்கிறது.

இங்கே சொற்கள் பொருள் மாறும் விரைவு, ஆங்கில நாட்டிலே ஐந்நூறு ஆண்டில் நடந்ததைவிடப் பெரிது. 2006இல் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. அதற்குமுன் ஆயிரக்கணக்கான இளந்தொழிலாளர் கைகளில் வைக்கப்பட்டது 'விருப்ப ஓய்வு'. இருபதுகளிலே இருந்தவர்களுக்கு ஓய்வு! அதுவும் விருப்பத்தோடு! பேரன் பேத்தி எடுத்தவருக்குரிய சொல்லை, திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவன் தலையிலே கட்டினர். ஆலைக்குள்ளே பற்றவைக்கும் எந்திரக் கைக்கு 'ரோபோ' என்று பெயர். 1920இல் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக் உலகுக்குத் தந்த பெயர். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குச் செய்யும் கட்டாய வேலை. பண்ணையடிமையின் பெயரை எந்திரம் பெற்றுக்கொண்டது. எந்திரத்துக்குப் பக்கத்திலே நிற்கும் மனிதனுக்கு என்ன பெயர்?

நம் தமக்கை மகன் ஒருவன் அங்கே ஓர் உதிரிபாக ஆலையில் நிற்கிறான். ஐ.டி.ஐ. முடித்தவன். ஒரு மாலை, முறை மாறும் நேரத்திலே ஒரகடம் கூட்டுச் சாலைத் தேநீர்க் கடையில் அவனைச் சந்தித்தோம். திருவண்ணாமலைப் பிள்ளைகளும், விழுப்புரத்துப் பிள்ளைகளும், ஒடியா பேசும் பிள்ளைகளுமாகப் பேருந்துகள் இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டிருந்தன. கழுத்திலே தொங்கிய அட்டையைக் கழற்றிக் காட்டினான்.

"மாமா, ஊருல அம்மா 'எம்மவன் கம்பெனில வேலை பாக்கறான்'னு சொல்லுது. கார்டைப் பாருங்க, வேலைன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. 'தொழிற் பழகுநர்' என்பதன் ஆங்கிலச் சொல் இருந்தது. நாளொன்றுக்கு எத்தனை போல்ட்டு முடுக்குகிறாய் என்று கேட்டோம். சிரித்தான். "எண்றதை முதல் மாசமே விட்டுட்டேன் மாமா. பக்கத்துல நிக்கிற பர்மனென்ட் அண்ணன் எவ்ளோ போடறாரோ, நானும் அவ்ளோதான்." அண்ணனுக்கு வருவது சம்பளம், இவனுக்கு வருவது 'உதவித்தொகை'. கூலி என்றால் வாங்குபவனுக்கு உரிமை, தருபவனுக்குக் கடன். உதவி என்றால் தருபவன் வள்ளல். வாங்குபவன் நன்றி சொல்லவேண்டும்.

சொல்லில் என்ன இருக்கிறது என்பார்க்கு, சட்டப் புத்தகத்தையே திறந்து காட்டுகிறோம். 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் தொழிலாளி யார் என்று வரையறுத்தபோது, 'தொழில் பழகுநர் உட்பட' என்றது. 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுவோரே, தொழிலாளர் அல்லர் என்றது. தொழிலாளர் சட்டங்கள் அவர்கட்குப் பொருந்தா என்றும் சேர்த்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம், தொழிலாளி என்ற சொல்லை மறுபடி வரையறுத்தது: 'தொழில் பழகுநர் நீங்கலாக'. 'உட்பட' இருந்த இடத்திலே 'நீங்கலாக'! பிள்ளை மாறவில்லை, போல்ட்டு மாறவில்லை, முடுக்கும் கை மாறவில்லை.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தீய நோக்கத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லமாட்டோம். மெய்யாகவே தொழில் கற்க வருபவன் உண்டு. அவனுக்குக் கற்பிக்கும் முதலாளியும் உண்டு. அச்சட்டத்திலேயே 16ஆம் பிரிவு என்று ஒன்றிருக்கிறது: ஆலையிலே பழகுநருக்குக் காயம் நேர்ந்தால், இழப்பீட்டுக்காக அவனைத் தொழிலாளி போலவே கருதவேண்டுமாம். நல்ல பிரிவு, இருக்கவேண்டிய பிரிவு. ஆனால் சேர்த்துப் படித்துப் பாருங்கள். விரல் இழந்தால் தொழிலாளி. விரல் நீட்டிக் கேட்டால் பழகுநர். உழைப்பவன் என்று ஒத்துக்கொள்ள இரத்தம் சிந்தவேண்டியிருக்கிறது.

அவனிடம் ஸ்விங்கின் கதையைச் சொன்னோம். தேநீர் ஆறும்வரை கேட்டான். கோட்டை கட்டிய ஏழைகள் கதை அவனுக்குப் பிடித்திருந்தது. "அப்ப அந்தச் சட்டத்துல அவனுக்கு வேற பேரு வெச்ச மாதிரிதான் மாமா இதுவும்" என்றான். நாம் பல மாலை நூலகத்தில் உட்கார்ந்து கண்டதை அரைக் கோப்பைத் தேநீரிலே கண்டுவிட்டான்.

பெயருக்காக நடந்த போராட்டமும் இந்தச் சாலையிலேதான் நடந்தது. 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அக்டோபர் 15 வரை, 37 நாள். ஊதியக் கோரிக்கையும் இருந்தது; ஆனால் நடுவிலே நின்றது சங்கம். சங்கத்தைப் பதிவு செய்யவேண்டும் என்றனர் தொழிலாளர். சங்கத்தின் பெயரிலே தன் பெயர் வரக்கூடாது என்பது நிறுவனத்தின் மறுப்புகளில் ஒன்று. குளிர்ப்பெட்டியின் மேல் ஒட்டலாம், விளம்பரத்திலே மின்னலாம். செய்த கைகள் தம் சங்கத்தின் பலகையில் எழுதினால் மட்டும் ஆகாது! வழக்கு, பேச்சு, பந்தல், கைது எல்லாவற்றையும் தாண்டி 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. 'தொழிலாளர்' என்ற சொல்லும், நிறுவனம் மறுத்த அந்தப் பெயரும் ஒரே பலகையில் இருக்கின்றன.

நம் தமக்கை மகனின் ஆலையிலே அப்படியொரு பலகை இல்லை. பழகுநர் சங்கம் சேர முடியுமா என்று கேட்டதற்கு, அதைக் கேட்டவன் இரண்டாம் வாரம் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டான் என்று தோழன் ஒருவனைப் பற்றிச் சொன்னான். உண்மையோ, அச்சம் பெற்ற கதையோ, தெரியாது. அந்தக் கதை அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்த மாதத்தோடு அவனுடைய பழகுங்காலம் முடிகிறது. நிலைப்படுத்துவார்களா என்பது பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புதிய பிள்ளைகள் சிலர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். எந்த அளவுக்கு முடுக்கவேண்டும், எந்த ஒலி கேட்டால் நிறுத்தவேண்டும் என்று அவர்கட்குப் பழக்கிக் கொடுக்கும் பொறுப்பு, இவ்வாரம் முதல் அவனுக்குத் தரப்பட்டிருக்கிறது. அட்டையிலே இன்னும் பழகுநர்தான்.